ஆட்டிசம்: பழி வேண்டாம், வழி தேடுவோம்

(புள்ளலூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புள்ளலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1780-ல் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படை ஆங்கிலேயரைத் தோற்கடித்த சண்டைதான் ஞாபகத்துக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது நம்ம வீடுகளுக்குள்ளே நடக்கிற ஒரு சண்டையைப் பற்றி. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த அன்றைக்கே அந்தச் சண்டை ஆரம்பிக்கிறது. அதில் ஒரே ஒரு ஆள்தான் குற்றவாளி. அது பெத்தவள்.

நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக வேலை செய்கிறேன். மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பள்ளியிலும் வீட்டிலும் போய்ப் பார்ப்பது என் வேலை. போகிற வீட்டில் எல்லாம் நான் கேட்கிற பேச்சு உங்களுக்கும் தெரிந்ததுதான். "கிரகணத்தன்னைக்கு வெளியில வந்திருப்பா." "வயித்துல இருக்கும்போது எந்நேரமும் செல்போனு." "பிள்ளையை ஆயாகிட்ட விட்டுட்டு கம்பெனி பஸ்ஸுல ஏறிப் போனாளே, அதான்." இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா. அதனால்தான் இந்தச் செய்தியைப் பெண்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஆட்டிசம் என்றால் என்ன? அரசுப் படிவத்தில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று பார்த்திருப்பீர்கள். பெயர் பெரியது, விஷயத்தைச் சுலபமாகச் சொல்லலாம். மற்றவர்களோடு கண் பார்த்து, பேசி, விளையாடிப் பழகுவது இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். மிக்சி சத்தம், புதுத் துணி, சில சாப்பாடு தாங்காது. சில பிள்ளை பேசவே பேசாது. சில பிள்ளை நன்றாகப் படிக்கும், ஆனால் ஒரு நண்பன்கூட இருக்க மாட்டான். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. இது பைத்தியம் இல்லை, தொத்து நோயும் இல்லை. பிள்ளையின் மூளை வளரும்போதே வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தாயைப் பழி சொல்வது நம்ம ஊரில் மட்டும் இருக்கிற பழக்கம் என்று நினைக்காதீர்கள். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பார்த்து, முதன்முதலாக ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு பல வருஷம் அங்கே படித்த டாக்டர்களே, 'தாய் பாசம் காட்டவில்லை, அதனால் பிள்ளை இப்படி ஆனது' என்றார்கள். அந்தத் தாய்மாருக்கு 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்று பெயரே வைத்தார்கள். எத்தனை பெண்கள் அதைக் கேட்டு அழுதிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

1977-ல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலாக இருக்கும் இரட்டையர் 11 ஜோடி. அதில் 4 ஜோடிகளில் இரண்டு பேருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் வந்த இரட்டையர் 10 ஜோடி. அதில் ஒரு ஜோடியில்கூட இரண்டு பேருக்கும் இல்லை. எல்லாருமே ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்தவர்கள், ஒரே தாய் வளர்த்தவர்கள். அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மரபணுவிலிருந்து. வளர்ப்பு மேல் போட்ட பழி அன்றைக்கே ஆட்டம் கண்டது.

சரி, மரபணு எப்படி ஒரு பிள்ளையின் பேச்சையும் பழக்கத்தையும் மாற்றும்? இதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப் போகிறேன். 'டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க'ன்னு எழுந்து போயிடாதீங்க.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான செல்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. தொடர்பு நடக்கிற இடத்துக்குச் சினாப்ஸ், அதாவது நரம்பிணைப்பு என்று பெயர். பெரும்பாலும் இரண்டு செல்லும் அங்கே ஒட்டிக்கொண்டு இருக்காது. நடுவில் மிக மிகச் சின்ன இடைவெளி இருக்கும். ஒரு செல் ஒரு ரசாயனத்தை அந்த இடைவெளியில் விடும். எதிரில் இருக்கும் செல் அதை வாங்கிக்கொள்ளும். செய்தி இப்படித்தான் போகிறது.

நூறு நாள் வேலையில் ஏரி தூர் வாரும்போது வரிசையாக நின்று மண் சட்டியைக் கை மாற்றுவோம் இல்லையா? அதே மாதிரிதான். ஒரு அக்கா நீட்டுவாங்க, அடுத்த அக்கா வாங்குவாங்க. வரிசை நல்லா ஓடணும்னா என்ன வேணும்? ஒன்று, இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இரண்டு, வாங்குகிறவர் காலடியில் தரை உறுதியாக இருக்க வேண்டும். மூன்று, வேகம் அளவாக இருக்க வேண்டும். நான்கு, தேவையில்லாத ஆள் நடுவில் நின்று இடைஞ்சல் பண்ணக் கூடாது. மூளையிலும் இந்த நான்கும் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் புரதங்களை மரபணுக்கள்தான் செய்ய வைக்கின்றன.

முதலில் நேருக்கு நேர் நிற்பது. இடைவெளியின் ஒரு பக்கம் நியூரெக்சின், எதிர்ப்பக்கம் நியூரோலிஜின் என்று இரண்டு புரதங்கள். இரண்டும் கை கோத்துக்கொண்டு இரண்டு செல்லையும் எதிரெதிரே நிறுத்தி வைக்கும். 2003-ல் பாரிஸ் நகரத்தின் பாஸ்டர் நிறுவனத்தில் தாமஸ் பூர்ஜெரோன் குழுவினர் ஸ்வீடன் நாட்டில் இரண்டு குடும்பங்களை ஆராய்ந்தார்கள். இரண்டு வீட்டிலும் அண்ணன், தம்பி இருவருக்கும் ஆட்டிசம் வகைக் குறைபாடு. நியூரோலிஜின் மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். ஆட்டிசத்துக்கும் செல் இணைப்புக்கும் உள்ள சம்பந்தம் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்தது தரை. வாங்குகிற செல்லின் உள்பக்கம் ஷாங்க்-3 என்ற புரதம் சாரம் கட்டின மாதிரி எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கிறது. கொத்தனார் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாரம் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். 2007-ல் அதே பாரிஸ் குழு ஷாங்க்-3 மரபணு பழுதான ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்டது. நம்மிடம் அந்த மரபணு இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று கெட்டாலே போதும், பாதிப்பு வரும். ஆட்டிசம் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இதுதான் காரணம்.

மூன்றாவது வேகம். சின்காப்-1 என்ற மரபணு இணைப்புக்கு பிரேக் மாதிரி. இதில் மாற்றம் வந்தால் அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு, ஆட்டிசம் மூன்றும் வரலாம். 2012-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிளெமென்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் எலிகளில் இதை ஆராய்ந்தார்கள். பிரேக் குறைந்த எலிக்குட்டிகளின் மூளையில் இணைப்புகள் காலத்துக்கு முன்னாலேயே முற்றிவிட்டன. நாற்று முற்றிப்போன பிறகு நட்டால் தூர் கட்டாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இணைப்பு இளசாக, வளைகிற மாதிரி இருக்க வேண்டும். கிளெமென்ட் அதற்குப் பிறகு பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இந்த ஆராய்ச்சி நமக்குப் பக்கத்து மாநிலத்திலேயே நடக்கிறது.

நான்காவது இடைஞ்சல். எள் விதைத்தால் நெருக்கமாக முளைக்கும். பதினைந்து நாளில் பயிர் கலைத்து விடுவோம். கலைக்காவிட்டால் ஒன்றும் காய் பிடிக்காது. குழந்தை மூளையும் முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கும். வளர வளர வேண்டாததைக் கலைக்கும். 2014-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இறந்துபோன பிள்ளைகள், இளைஞர்களின் மூளையை ஆராய்ந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்குச் சிறுவயது முடிவதற்குள் இணைப்பு நுனிகள் ஏறக்குறைய பாதி குறைந்திருந்தன. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 16 சதவீதம்தான் குறைந்திருந்தது. பயிர் சரியாகக் கலையவில்லை.

ஆக, சில இடத்தில் செய்தி அதிகமாகப் போகிறது, சில இடத்தில் போய்ச் சேரவே இல்லை. நீங்கள் "கண்ணு, இங்க வா"ன்னு கூப்பிடுவதும், மின்விசிறிச் சத்தமும், தெருவில் போகிற டிராக்டரும் அந்தப் பிள்ளைக்கு ஒரே அளவில் கேட்டால் எதைக் கவனிக்கும்? திமிர் என்று நாம் நினைக்கிறோம். உள்ளே வரிசையில் மண் சட்டி சரியாகக் கைமாறவில்லை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த மரபணு மாற்றம் யாரால் வந்தது?

பட்டுத் தறியில் ஜக்கார்டு அட்டை பார்த்திருப்பீர்கள். அட்டையில் உள்ள ஓட்டைப்படிதான் புடவையில் மயில் விழும், ருத்திராட்சம் விழும். அட்டையில் ஓர் ஓட்டை மாறினால், பட்டு நல்ல பட்டாக இருந்தாலும் டிசைன் மாறும். அதற்காக உட்கார்ந்து நெய்தவளைத் திட்டலாமா? நம் உடம்பின் அட்டையில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. பிள்ளை உருவாகும்போது அதை அப்படியே நகல் எடுக்கிறது உடம்பு. அவ்வளவு பெரிய நகலில் தவறு வராமல் இருக்குமா? பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும், உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பெற்றோரிடம் இல்லாத புது மாற்றங்கள் சுமார் 60 இருக்கும். 99 சதவீதம் ஒன்றும் செய்யாது. எப்போதாவது ஒன்று ஷாங்க்-3 மாதிரி முக்கியமான இடத்தில் விழுந்துவிடுகிறது.

2012-ல் ஐஸ்லாந்து நாட்டு ஆராய்ச்சி இன்னொன்றையும் சொன்னது. இந்தப் புது மாற்றங்களில் பெரும்பகுதி அப்பா வழியாக வருகிறது. அப்பாவுக்கு வயது ஒன்று கூடினால் மாற்றம் ஏறக்குறைய இரண்டு கூடுகிறது. (கைத்தட்டல்) கை தட்டாதீங்க, இனிமே அப்பா மேல பழியைத் தூக்கிப் போடலாம்னு நான் சொல்லல. அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. சில மாற்றங்கள் பரம்பரையாக, தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ வருகின்றன. பல பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த சின்னச் சின்ன மாற்றங்கள் நிறையச் சேர்ந்து ஆட்டிசம் ஆகிறது. 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 102 மரபணுக்களை ஆட்டிசத்தோடு சம்பந்தப்படுத்தியது. எல்லாப் பிள்ளைக்கும் இன்ன மரபணு என்று பரிசோதனையில் தெரிந்துவிடாது. ஆனால் ஒன்று நிச்சயம். கிரகணமோ, செல்போனோ, கம்பெனி பஸ்ஸோ அந்த எழுத்தை மாற்றவில்லை.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணுவதைப் பற்றியும் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் சொந்தத்தில்தான் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடும். அதனால் சில பரம்பரை நோய்கள் அதிகம். ஆட்டிசத்திலும் ஒரு சிறு பகுதிக்கு இது காரணமாகலாம். சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் ஆட்டிசப் பிள்ளை பிறக்கிறது. ஆகவே, நடந்த கல்யாணத்தைச் சொல்லிக் குத்த வேண்டாம். அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தடுப்பூசி போட்டதால் ஆட்டிசம் வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதைக் கிளப்பிய 1998-ஆம் வருஷத்துக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில் தட்டம்மை தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தது. தடுப்பூசியை நிறுத்தாதீர்கள்.

அடுத்து, நம் குழுக்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்: கடன்.

ஒரு குழுக் கூட்டத்துக்கு நான் போயிருந்தபோது ஒரு இளம் தாய் எழுந்து ஒன்றரை லட்சம் கடன் கேட்டாள். நான்கு வயதுப் பையன், பேச்சில்லை. ஒரு தனியார் இடத்தில் 'ஸ்டெம் செல் ஊசி மூணு தடவை போட்டா பேசிடுவான்' என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் வீட்டில், "உன்னால வந்தது, நீயே கடன வாங்கி சரி பண்ணு" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் அழவில்லை, தலையைக் குனிந்துகொண்டு தவணை எத்தனை என்று மட்டும் கேட்டாள். அதுதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை, அப்படிக் கொடுப்பதும் விளம்பரம் செய்வதும் மருத்துவர் ஒழுங்குமீறல் என்று சொல்லியிருக்கிறது. இதை நான் எடுத்துச் சொன்னேன். ஊக்குநர் அக்கா கேட்டாங்க: "பேசுவான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாங்களா?" விசாரித்தால் தரமாட்டார்களாம். குழு அந்தக் கடனைத் தள்ளி வைத்தது. பயிற்சிக்குப் போய்வர பஸ் செலவுக்கு 10,000 ரூபாய் உள்கடன் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதியது. இரண்டு பேர் அந்தப் பெண்ணின் மாமியாரைப் போய்ப் பார்த்துப் பேசினார்கள். பையன் இன்னும் பேசவில்லை. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மா கையைப் பிடித்துப் பானையைக் காட்டுகிறான். முன்பு தரையில் தலையை முட்டிக்கொள்வான்.

மருந்து வரவே வராதா என்று கேட்கலாம். ஆராய்ச்சி நடக்கிறது. 2016-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஷாங்க்-3 அணைந்திருந்த எலிகளுக்கு, வளர்ந்த பிறகு அதை மறுபடி இயக்கினார்கள். மற்ற எலிகளோடு பழகுவது மேம்பட்டது. பயமும் உடல் தள்ளாட்டமும் போகவில்லை. அதற்குக் குட்டியிலேயே சரிசெய்ய வேண்டியிருந்தது. சின்காப் எலிகளிலோ, வளர்ந்த பிறகு சரிசெய்தும் பெரிய பலன் இல்லை. இவை எலிகள். பிள்ளைகளுக்குக் கொடுக்க இன்னும் மருந்து இல்லை. ஆனால் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: இணைப்புகள் உருவாகிற சின்ன வயதுதான் பொன்னான காலம். பேச்சுப் பயிற்சி, விளையாட்டுப் பயிற்சி, பழக்கப் பயிற்சி எல்லாம் சீக்கிரம் ஆரம்பித்தால் பிள்ளை அவ்வளவுக்கு முன்னேறும். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு'ன்னு மூணு வருஷம் காத்திருக்காதீங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இவை:

1. ஒரு வயது ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் விரலால் எதையும் சுட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பேசிய வார்த்தை நின்றுபோனது, இதில் எது இருந்தாலும் அங்கன்வாடியிலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் உடனே சொல்லுங்கள். காது கேட்கிறதா என்றும் பரிசோதிக்க வேண்டும். மாவட்ட அளவில் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

2. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ், யூ.டி.ஐ.டி. அட்டை வாங்குங்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவ, பயிற்சிச் செலவு பெறலாம். படிவம் நிரப்பத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் உதவ வேண்டும்.

3. 'குணமாக்கிடுவோம்' என்று சொல்கிற எந்தச் சிகிச்சைக்கும் கடன் கேட்டால், அரசு மருத்துவர் ஒருவரிடம் கேட்ட பிறகே தீர்மானம் போடுங்கள்.

4. அந்தத் தாய் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்றால் அபராதம் போடாதீர்கள். பிள்ளையோடு வரச் சொல்லுங்கள். பிள்ளை சத்தம் போட்டால் போடட்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராவது ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அவள் நிம்மதியாகத் தலைக்குக் குளிப்பாள்.

சந்தா கட்டுவது, கடன் திருப்புவது எல்லாம் நாம் ஒருவருக்கொருவர் நம்பிக்கை கொடுத்து ஏற்படுத்திக்கொண்ட இணைப்புகள். ஒருத்தி தனியாக நிற்கிறாள் என்றால் அவளை வரிசையில் சேர்த்துக்கொள்வது நமக்குத் தெரிந்த வேலைதான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தெருவில் அப்படி ஒரு தாய் இருந்தால், "உன் மேல தப்பு இல்லடி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல வருஷமாக யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.